மலை முகட்டில ஒரு நாள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் கோண்டாவில், வயசு 61, ரீச்சரா இருந்து பென்ஷன் எடுத்தனான். மகள் குடும்பம் சுவிஸில. ஒக்டோபர் நடுவில போய் மூண்டு கிழமை நிக்கப் போறன். பேரனுக்கு 11 வயசு, "அம்மம்மா, உங்களை மலை முகட்டால நடத்திக் கூட்டிக்கொண்டு போவன்" எண்டு போனில ஒரே கதை. மருமகன் இப்பவே நாளும் குறிச்சு இடமும் குறிச்சு ரிக்கெற்றும் எடுக்கப் போறாராம். எனக்கு ஆசையும் இருக்கு, பயமும் இருக்கு. என்ர வயசுக்கு இது ஏலுமோ? என்னென்ன ஆயத்தம் செய்யவேணும்?

பதில்: ரீச்சர், ஏலும், கட்டாயம் போங்கோ. ஆனா இண்டைக்கே மருமகனுக்கு போன் எடுத்து ரிக்கெற் எடுக்க வேண்டாமெண்டு சொல்லிப்போடுங்கோ. அங்க முன்கூட்டியே மலிவா விக்கிற ரிக்கெற் அந்த நாளுக்கும் அந்த ரெயினுக்கும் மட்டும்தான், மழை கொட்டினாலும் காசு திரும்பி வராது, பிறகு "காசு குடுத்தாச்சு, அம்மாவும் வந்து நிக்கிறா, வாங்கோ போவம்" எண்டு எல்லாரும் கொட்டுற மழைக்குள்ள வெளிக்கிடுறதுதான் நடக்கும். வெளிநாட்டில இருந்து வாறாக்களுக்கு ஒரு மாசத்துக்கு அரைவிலை கார்ட் ஒண்டு இருக்கு, அதை எடுத்தால் விடிய எழும்பி வானத்தைப் பாத்திட்டு எங்க போறதெண்டு முடிவெடுக்கலாம். நாளைக் குறிக்காதேங்கோ, மூண்டு நாளை ஒதுக்கி வையுங்கோ. இடமும் ரெண்டு வையுங்கோ, ஒண்டு லேசு, மற்றது கொஞ்சம் கஷ்டம்.

லேசானதுக்கு நான் சொல்லுறது றீகி. 1871 இல ஐரோப்பாவிலயே முதல்முதலா மலையேறின ரெயில் அங்கதான் ஓடினது, இண்டைக்கும் 1800 மீற்றர் உச்சி வரைக்கும் ரெயிலிலயே போகலாம். போய் இறங்கி முகட்டு வழிய கீழ்நோக்கி நடந்து வந்தால் ஸ்ராஃபல், கால்ற்பாட் எண்டு வழி நெடுக ரெயில் ஸ்ரேசன் இருக்கு, முழங்கால் நோகத் தொடங்கினால் அடுத்த ஸ்ரேசனில ஏறிப்போடலாம், ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை. கஷ்டமானது ஸ்ரோஸ். கீழ இருந்து ஊருக்கு ஏத்திற ரெயில்தான், ஒரே கேபிளில ஒண்டு ஏற மற்றது இறங்கிற ரெயில்களுக்குள்ள உலகத்திலயே செங்குத்தானது, 2017 டிசம்பரில திறந்தது, பெட்டியெல்லாம் பீப்பா மாதிரி, ஏறேக்க தானாச் சுழண்டு நாங்கள் நேரா நிக்கிறமாதிரி வரும், பேரன் துள்ளுவான். அங்க இருந்து கதிரை லிஃப்டில கிளிங்கன்ஸ்ரொக் ஏறி ஃபுறோன்அல்ப்ஸ்ரொக் மட்டும் ரெண்டு மணித்தியால நடை, ரெண்டு உச்சியும் 1900 மீற்றர் சொச்சம். எங்கட ஓட்டு வீட்டு முகடு மாதிரி ரெண்டு பக்கமும் சரிஞ்சு போகும், ஒதுங்கிறதுக்கு ஒரு மரம் கிடையாது. நடுவில ஃபுர்கெலி எண்டு தாழ்ந்த இடமொண்டு இருக்கு, அதால ஊருக்கு இறங்கலாம். அந்த இறங்கிற இடம் எங்க இருக்கெண்டு வீட்டிலயே மாப்பில கை வைச்சுப் பாத்திட்டுப் போங்கோ. சீசன் முடியிற நேரம் பராமரிப்புக்கெண்டு லிஃப்டை நிப்பாட்டுவினம், அதால முதல்நாள் இரவே லிஃப்ட் ஓடுதோ எண்டும் பாருங்கோ.

இனி வானம். எங்களுக்கு ஐப்பசி எண்டால் இடியும் மழையும், அங்க அது புகார்க் காலம். கீழ பட்டினம் நாள்க்கணக்கா வெள்ளைப் புகாருக்குள்ள மூடிக் கிடக்கும், யன்னலால பாத்திட்டு "இண்டைக்கு ஒண்டும் தெரியாது" எண்டு திரும்பப் படுத்திடுவினம், ஆனா அந்தப் புகாருக்கு மேல மலையில நல்ல வெயில் எறிச்சுக்கொண்டிருக்கும், காலுக்குக் கீழ புகார் கடல் மாதிரி விரிஞ்சு மற்ற மலையெல்லாம் தீவு மாதிரி நிக்கும். அதால யன்னலை நம்பாதேங்கோ, மலை உச்சியில வெப்கமரா வைச்சிருக்கினம், விடிய அதைப் பாத்தால் புகார் எவ்வளவு உயரத்தில நிக்குதெண்டு தெரியும். காத்தையும் பாருங்கோ. வடகிழக்கில இருந்து பீஸ எண்டொரு குளிர்காத்து வரும், தெற்கால ஃபோன் எண்டொரு சூட்டுக்காத்து அடிக்கும், ஃபோன் பலமா அடிக்கிற நாளில லிஃப்டையே நிப்பாட்டுவாங்கள். சோளகத்துக்குள்ள பண்ணைப் பாலத்தால சைக்கிள் மிதிச்ச ஆக்களுக்கு காத்து மனிசரை எப்பிடித் தள்ளுமெண்டு சொல்லத் தேவையில்லை, அதை ஒரு அடிப் பாதையில நிண்டு யோசிச்சுப் பாருங்கோ. காத்து பலமெண்டு போட்டிருந்தால் முகட்டுக்குப் போகவே வேண்டாம், ஏரிக்கரையில நடக்கலாம், அதுவும் வடிவுதான்.

நான் அங்க ஒன்பது வருஷம் இருந்தனான். ஒருக்கா ஒக்டோபர் கடைசியில நானும் தம்பியும் அந்த ஸ்ரோஸ் முகட்டில நடக்கேக்க வெயில் பக்கம் புல்லு காஞ்சு மஞ்சளாக் கிடந்தது, நிழல் பக்கம் திரும்பினால் ஆனையிறவு உப்பளத்தில உப்புப் பூத்த மாதிரி வெள்ளையா உறைபனி, காலை வைக்க வழுக்குது. காத்து வேற. கையுறை எடுப்பமெண்டு பாக்கைக் கழட்டினால் விரல் விறைச்சு ஸிப்பை இழுக்கேலாமல் போச்சு, கையுறை சாப்பாட்டுப் பெட்டிக்கும் அடியில. தம்பி பல்லால கடிச்சு இழுத்துத்தான் ஸிப் திறந்தது. அப்பவே சரியெண்டு ஃபுர்கெலியால இறங்கி ஊருக்குள்ள வாங்கில இருந்து கட்டிக்கொண்டு போன புட்டைச் சாப்பிட்டம், மூண்டு நாள் கழிச்சு திரும்பப் போய் மிச்சத்தை நடந்தம். அண்டைக்குப் பிறகு கையுறையும் தொப்பியும் எப்பவும் ஜக்கெற் பொக்கற்றுக்குள்ளதான். 1000 மீற்றர் ஏறினால் கிட்டத்தட்ட 6 பாகை குறையும், காத்தும் சேர்ந்தால் உடம்புக்கு அதைவிடக் குளிரும். மொத்தமா ஒண்டைப் போடாமல் மெல்லிசா மூண்டு உடுப்பு போடுங்கோ, சீலை வேண்டாம் ரீச்சர்.

நேரமும் முக்கியம். இஞ்ச வருஷம் முழுக்க ஆறு, ஆறரைக்குப் பொழுது படும், எங்களுக்கு அது பழக்கம். அங்க ஒக்டோபர் நடுவில ஏழே முக்காலுக்குத்தான் விடியும், ஆறரை தாண்டிப் பொழுதுபடும், ஒக்டோபர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினாப் பிறகு அஞ்சு மணி கடக்கவே இருண்டிடும். நீங்கள் நிக்கிற மூண்டு கிழமைக்குள்ளயே அந்த மாற்றம் வரும். மஞ்சள் வழிகாட்டிப் பலகையில போட்டிருக்கிற நேரம் நிக்காமல் நடக்கிற நேரம், ரெண்டு மணியெண்டு போட்டிருந்தால் உங்களுக்கு மூண்டு எண்டு வையுங்கோ. எந்த இடத்தில நிண்டாலும் பின்னேரம் ரெண்டு மணிக்குத் திரும்புறதெண்டு வீட்டிலயே முடிவெடுங்கோ. மஞ்சள் அடையாளம் சாதாரண நடைபாதை, வெள்ளை-சிவப்பு-வெள்ளை மலைப்பாதை, முகடு பெரும்பாலும் இதுதான். வெள்ளை-நீலம்-வெள்ளை கண்டால் அந்தப் பக்கம் போகாதேங்கோ.

இன்ஷூரன்ஸ் விசாவுக்கே கேப்பாங்கள், குறைஞ்சது 30,000 யூரோவுக்கு, அதுக்குள்ள மலையில இருந்து ஹெலியில தூக்கிறதும் அடங்குதோ எண்டு வாசிச்சுப் பாருங்கோ. ஹெலி மீட்பு நம்பர் 1414. ஹெலி வந்தால் ரெண்டு கையையும் மேல தூக்கினால் உதவி வேணும், ஒரு கை மேல ஒரு கை கீழ எண்டால் வேண்டாம், பேரனுக்கும் காட்டிக் குடுங்கோ.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிய கவலை வேற. எங்கட அம்மாமார் பிள்ளையளின்ர மனம் நோகக்கூடாதெண்டு கால் நோவைச் சொல்ல மாட்டினம். பிள்ளையளும் அம்மாவுக்குக் காட்டவேணுமெண்ட ஆசையில திரும்ப மாட்டினம். வெளிக்கிட முதலே பேரனிட்டச் சொல்லிப்போடுங்கோ, "அம்மம்மா காணுமெண்டு சொன்னால் காணும், மிச்சம் இன்னொரு நாள்" எண்டு. சின்னப் பிள்ளையள் இதை நல்லா விளங்கிக்கொள்ளுவினம்.

கேள்வி: நாங்கள் நெல்லியடிப் பெடியள் அஞ்சு பேர். சுவிஸுக்குப் போக வசதியில்லை, ஒக்டோபரில ஹோர்ட்டன் சமவெளிக்குப் போக யோசிக்கிறம். சரியோ?

பதில்: நல்ல இடம் தம்பிமார், 2100 மீற்றர் உயரம், ஒன்பது கிலோமீற்றர் சொச்சம் சுத்திவாற பாதை, பெரும்பாலும் வெட்டவெளிப் புல்வெளி. முதல்நாள் நுவரெலியாவில தங்கி இருட்டோட வெளிக்கிட்டு ஆறு மணிக்கு வாசலில நில்லுங்கோ, ஏனெண்டால் உலக முடிவு எண்டு சொல்லுற செங்குத்துப் பள்ளத்து விளிம்பில ஒன்பது, பத்து மணிக்கே முகில் ஏறி மூடிடும், பின்னேரம் இந்த மாசம் இடிமழை. ஒரு நாளை மேலதிகமா வையுங்கோ, முதல்நாள் மழையெண்டால் அடுத்தநாள் போகலாம். இடி கேட்டால் வெளியில நிக்காதேங்கோ. பொலித்தீனை வாசலில பாத்து எடுத்திடுவாங்கள், சாப்பாட்டைப் பெட்டியில கட்டுங்கோ.

கேள்வி: யாழ்ப்பாணத்தில மேடே இல்லை, நடைக்கு எப்பிடிப் பழகிறது? (காரைநகர் வாசகி)

பதில்: கசூரினாக் கடற்கரை மணலில விடிய வெள்ளன முக்கால் மணித்தியாலம் நடவுங்கோ, மணலில கால் புதைஞ்சு நடந்தால் கெண்டைக்கால் உரப்படும். பிறகு மாடி வீடு இருக்கிற ஆரிட்டயும் கேட்டு படி ஏறி இறங்குங்கோ, இறங்கிறதை மெதுவாச் செய்யுங்கோ, முழங்காலை வாட்டுறது இறக்கம்தான். சப்பாத்தை இஞ்சயே வாங்கி அதே மேஸோட ஒரு மாசம் போட்டு நடவுங்கோ, புதுச் சப்பாத்தோட மலைக்குப் போய்க் கால் கொப்பளிச்ச ஆக்கள் எனக்குத் தெரிய கனபேர்.