பழைய சேர்வர், புது கெஸ்ட்: எந்த புரொசசர் மொடல்?

ஹட்டன்: அண்ணா, பயிற்சி நிலையத்தில் இரண்டு புரொக்ஸ்மொக்ஸ் சேர்வர் (ஒரே பெட்டியில் பல மெய்நிகர் கணினிகளை, அதாவது வீஎம்களை, ஓட்டுபவை). ஒன்று ஸீயோன் இ5-2620 வி2, மற்றது வி4. வி4இல் ஓடும் வீஎம்மை நிறுத்தாமல் வி2க்கு மாற்றினால் கொஞ்ச நேரத்தில் விழுந்துவிடுகிறது.

வீஎம்மின் புரொசசர் டைப் 'ஹோஸ்ட்' (சேர்வரின் புரொசசரை அப்படியே காட்டுவது) என்று இருக்கும், பாருங்கள். அப்படியானால் வி4இல் உள்ள ஏவிஎக்ஸ்2, எஃப்எம்ஏ என்ற புதிய கட்டளைகள் எல்லாம் கெஸ்டுக்கு, அதாவது வீஎம்முக்குள் ஓடும் இயங்குதளத்துக்கு, தெரியும்; பூட் ஆகும்போதே கணக்கில் எடுத்துவிடும். ஸீயோன் வி2 என்பது ஐவி பிரிட்ஜ் என்ற பழைய தலைமுறை, அதில் அவை இல்லை. கெஸ்ட் அந்தக் கட்டளையைக் கூப்பிட்டதும் கதை முடிந்தது. இருப்பதில் ஆகப் பழைய பெட்டிக்கு எது பொருந்துமோ அதையே இரண்டிலும் வையுங்கள்: எக்ஸ்86-64-வி2-ஏஈஎஸ் (இந்த வி2 ஸீயோனின் வி2 அல்ல, கட்டளைத் தொகுதியின் தரநிலை). கெஸ்டுக்குள்ளிருந்து ரீஸ்டார்ட் கொடுத்தால் பழைய மொடலே தொடரும். முழுதாக ஷட்டவுன் செய்து மறுபடி ஸ்டார்ட் பண்ணவேண்டும். இதையெல்லாம் யூபிஎஸ் கத்தத் தொடங்கியபின் சோதிக்காதீர்கள்.

அதே ஹட்டன்: அந்த மொடலில் மொங்கோடிபி 5 தரவுத்தளம் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று நிற்கிறதே?

அதற்கு ஏவிஎக்ஸ் (ஏவிஎக்ஸ்2க்கு முந்தியது) வேண்டும். வி2-ஏஈஎஸ் அதைக் காட்டாது. உங்கள் இரண்டு பெட்டியிலும் ஏவிஎக்ஸ் உண்டு, ஆகவே 'ஐவிபிரிட்ஜ்-ஐபிஆர்எஸ்' போடுங்கள். சேர்வரில் மைக்ரோகோட் (புரொசசரின் உள் மென்பொருள்) புதுப்பித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீஎம் தொடங்காது. ஐபிஆர்எஸ் இல்லாத வெறும் மொடலில் ஸ்பெக்டர் என்ற புரொசசர் பாதுகாப்புக் குறைக்கான தடுப்பு கெஸ்டுக்குப் போகாது.

பண்டாரவளை: எதற்கும் பாதுகாப்பாக இருக்கட்டுமென்று கேவிஎம்64 மொடல் வைத்தேன். அல்மாலினக்ஸ் 9 'கேர்னல் பேனிக்' என்று நிற்கிறது.

அளவுக்கு மீறி இறங்கிவிட்டீர்கள். கேவிஎம்64 பென்டியம் 4 தரம். அல்மா 9க்குக் குறைந்தது எக்ஸ்86-64-வி2 வேண்டும், அதாவது எஸ்எஸ்ஈ4.2, பொப்கவுண்ட் கட்டளைகள் எல்லாம். புரொக்ஸ்மொக்ஸ் 8இல் புதிதாக உருவாக்கும் வீஎம்முக்கு வி2-ஏஈஎஸ் தானாக வரும். முன்னரே செய்தவை பழைய மொடலிலேயே இருக்கும். ரெட் ஹாட் லினக்ஸ் 10 எக்ஸ்86-64-வி3 கேட்கிறது, ஐவி பிரிட்ஜ் பெட்டியில் அது நடக்காது. அல்மா 10இல் எக்ஸ்86-64-வி2க்கென்று தனிப் பதிப்பு உண்டு.

நுவரெலியா: மைக்ரோசொஃப்டின் ஹைப்பர்-வீயில் வீஎம்முக்குப் புரொசசர் கொம்பெட்டிபிலிட்டி டிக் போட்டும் இன்டெல்லிலிருந்து ஏஎம்டிக்கு லைவாகப் போகவில்லை, சேர்.

போகாது. அந்த டிக் ஒரே கம்பனியின் பழைய, புதிய புரொசசர்களுக்கு இடையில்தான். அணைத்துவிட்டு மாற்றுங்கள்.

மஸ்கெலியா: கொழுந்து நிறுவை மென்பொருள் எக்ஸ்பியில்தான் ஓடும். பழைய கணினியை அப்படியே கேவிஎம்முக்கு (லினக்ஸில் வீஎம் ஓட்டும் வசதி) எடுத்தால் நீலத்திரை, 7பி என்று முடிகிறது. புரொசசரைக் குறைக்கவா?

வேண்டாம். 7பி என்றால் பூட் டிஸ்க்கை எக்ஸ்பியால் எட்டமுடியவில்லை. அதனிடம் விர்ட்ஐஓ (வீஎம்களுக்கான டிஸ்க் இணைப்பு முறை) டிரைவர் கிடையாது. டிஸ்க்கைப் பழைய ஐடிஈ இணைப்புக்கு மாற்றிப் பாருங்கள், புரொசசர் மொடலில் கைவைக்காமல்.