காய்கறிப் பூ செய்ய உளி செட் வேண்டாம், ஒரு கிண்ணம் ஐஸ் தண்ணீர் வையுங்கள்

கேள்வி: வீட்டிலேயே காய்கறியில் பூ, விசிறி மாதிரி அலங்காரம் செய்து தட்டில் வைக்க ஆசை. எனக்கு ஓவியம் வராது, கார்விங் கருவி எதுவும் இல்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

எனக்கும் ஓவியம் வராது. ஒரு பூனை வரைந்தால் அது பூனை என்று பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். ஆனாலும் சில வருடங்களாக வீட்டில் நாலு பேர் சாப்பிட வந்தால் தட்டில் ஒரு பூவாவது வைத்துவிடுவேன், பார்க்கிறவர்கள் பெரிய வித்தை மாதிரி கேட்பார்கள், உண்மையில் பாதி வேலையைச் செய்வது நானில்லை, தண்ணீர். அதைச் சொல்லத்தான் இந்தப் பதில்.

முதலில் கருவி. ஆரம்பத்தில் நானும் ஆசைப்பட்டு இருபதுக்கு மேல் உளிகள் இருக்கிற ஒரு செட் வாங்கினேன். அதில் இன்றுவரை நான் எடுத்துப் பயன்படுத்துவது V வடிவ உளி ஒன்றுதான், அதுவும் எப்போதாவது. மற்றவை டிராயரில் தூங்குகின்றன. உங்களுக்கு வேண்டியது உள்ளங்கையில் அடங்குகிற, அலகு மெல்லிசான சின்னக் கத்தி ஒன்று, தோல் சீவும் பீலர் ஒன்று, வெட்டுப்பலகை ஒன்று, அவ்வளவுதான். கத்தி கூர்மையாக இருக்கட்டும். மொக்கைக் கத்திதான் விரலைப் பதம் பார்க்கும், ஏனென்றால் அதை அழுத்திப் பிடித்துத் தள்ள வேண்டியிருக்கும், அழுத்தும்போதுதான் வழுக்கும். பலகைக்கு அடியில் ஈரத் துணி ஒன்றை விரித்துவிட்டால் பலகை நகராது.

சரி, தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். வெங்காயத்தாளை எடுங்கள். வெள்ளைப் பகுதியோடு சேர்த்து ஒரு விரல் நீளத் துண்டு வெட்டிக்கொண்டு, ஒரு முனையில் இரண்டு சென்டிமீட்டரை அப்படியே விட்டுவிட்டு, மீதியை நீளவாக்கில் கத்தி முனையால் கீறுங்கள். எவ்வளவு மெல்லிய கீற்றாக முடியுமோ அவ்வளவு. கீறி முடித்ததும் பார்த்தால் கிழிந்த விளக்குமாறு மாதிரி இருக்கும், இதையா தட்டில் வைப்பது என்று தோன்றும். அப்படியே ஐஸ் தண்ணீரில் போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் ஒவ்வொரு கீற்றும் வெளிப்பக்கமாகச் சுருண்டு, பூ மாதிரி விரிந்திருக்கும். கீற்றை எவ்வளவு மெல்லிசாகக் கீறினீர்களோ அவ்வளவு நன்றாகச் சுருளும்.

ஏன் வெளிப்பக்கமாகவே சுருள்கிறது? தாளின் வெளித்தோலில் மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கிறது, தண்ணீரை எளிதில் உள்ளே விடாது, அதிகம் நீளவும் செய்யாது. உள்பக்கத் திசு அப்படியில்லை, தண்ணீரைக் குடித்து உப்பிவிடும். ஒரு பக்கம் நீள்கிறது, மறுபக்கம் நீளாமல் இழுத்துப் பிடிக்கிறது, அப்புறம் வளையாமல் என்ன செய்யும்? இந்த வேலை சாதாரணத் தண்ணீரிலும் நடக்கும். ஐஸ் போடுவது, காய் சொதசொதவென்று ஆகாமல் விறைப்பாக, மொறுமொறுவென்று நிற்பதற்காக.

இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் மிளகாய்ப் பூவும் அதே கதைதான். காம்பை நீக்காமல், முனையிலிருந்து காம்பு நோக்கி ஐந்தாறு கீற்றாகக் கீறி, காம்புக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டரில் நிறுத்தி, விதையைத் தட்டிவிட்டுத் தண்ணீரில் போட்டால் இதழ் இதழாக விரியும். சிவப்பு மிளகாயில் செய்தால் தட்டே எடுப்பாகிவிடும் (காய்ந்த மிளகாய் இல்லை, பழுத்த பச்சை மிளகாய்). ஆனால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நான் போடவில்லை. எட்டுப் பூ செய்து முடித்துவிட்டு, கையை நன்றாகத் தண்ணீரில் கழுவிவிட்டேன் என்ற தைரியத்தில் ஒரு மணி நேரம் கழித்துக் கண்ணைத் தேய்த்தேன். அன்றைக்கு வந்த விருந்தாளிகள் எல்லாம், என்ன இப்படி அழுதுகொண்டே பரிமாறுகிறார் என்று பார்த்திருப்பார்கள். மிளகாயின் காரச் சத்து தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் கையில் கொஞ்சம் சமையல் எண்ணெயைத் தேய்த்து, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவினால்தான் போகும்.

அடுத்து வெங்காயத் தாமரை. இதில் முக்கியம், அடிக்கட்டையை வெட்டிவிடாமல் இருப்பது. வேர்முடியை மட்டும் சீவிவிட்டு, அடி கீழே இருக்க வெங்காயத்தைப் பலகையில் நிறுத்தி, இரண்டு பக்கமும் கரண்டிக் காம்பு மாதிரி ஏதாவது இரண்டை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். கத்தி மேலிருந்து இறங்கி அந்தக் காம்பில் முட்டி நின்றுவிடும், அடிக்குப் போகாது. இரண்டாக, நாலாக, எட்டாக, தைரியம் இருந்தால் பதினாறாக வெட்டலாம். வெட்டும்போது அது பூவாகவே தெரியாது, மூடிக்கொண்டு முறைக்கும். தண்ணீரில் ஒன்றிரண்டு மணி நேரம் கிடந்த பிறகு அடுக்கடுக்காகப் பிரிய ஆரம்பிக்கும், விரலால் மெல்ல உதவி செய்யலாம். நடுவில் விரியாத குருத்து இருந்தால் பிடுங்கிவிடுங்கள். பச்சை வெங்காய வாடையும் ஓரளவு தண்ணீரோடு போய்விடும். வெட்டுவதற்கு முன் வெங்காயத்தை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் கண் எரிச்சலும் குறையும்.

பீட்ரூட் துருவிப் பிழிந்த தண்ணீரில் இந்தத் தாமரையைக் கொஞ்ச நேரம் தலைகீழாக மிதக்க விட்டால் இதழ் நுனிகள் மட்டும் இளஞ்சிவப்பாகும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அதே காரணத்தால் பீட்ரூட்டில் செய்த எதையும் வேறு காயோடு ஒரே கிண்ணத்தில் ஊறவைக்காதீர்கள். பீட்ரூட்டின் நிறம் தண்ணீரில் கரையக்கூடியது, முள்ளங்கியும் வெங்காயமும் எல்லாம் ஒரே நிறத்தில் வந்து நிற்கும்.

கேரட் பூவுக்குத் தண்ணீர் அதிகம் உதவாது, இங்கே கைதான் வேலை செய்ய வேண்டும். தடிமனான கேரட்டாகப் பார்த்து ஐந்து சென்டிமீட்டர் துண்டு வெட்டித் தோல் சீவிக்கொள்ளுங்கள். நீளவாக்கில் ஐந்து பள்ளம் தோண்ட வேண்டும். ஒரு வெட்டு நேராக மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்கு, அடுத்த வெட்டு பக்கத்திலிருந்து சாய்வாக வந்து அதைச் சந்திக்க, ஒரு மெல்லிய குச்சி மாதிரி துண்டு கழன்று வரும். ஐந்தைச் சம இடைவெளியில் பிரிப்பதுதான் எல்லாரையும் குழப்பும். கை கால் விரித்து நிற்கிற ஒரு ஆளை அந்த வட்டத்துக்குள் நினைத்துக்கொள்ளுங்கள், தலை ஒன்று, கை இரண்டு, கால் இரண்டு. அந்த ஐந்து இடத்தில் குறி போட்டால் கிட்டத்தட்டச் சரியாக வரும். பள்ளங்களின் ஓரத்தைக் கொஞ்சம் உருட்டிச் சீவி, வட்ட வட்டமாக நறுக்கினால் ஒரே கேரட்டில் பத்துப் பன்னிரண்டு பூ.

இன்னும் ஒரு படி மேலே போக ஆசையா? நறுக்குவதை ஒரு சென்டிமீட்டர் தடிமனில் நறுக்குங்கள். ஒவ்வொரு பள்ளத்திலிருந்தும் பூவின் நடுப்புள்ளி வரைக்கும் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு கீறல் போடுங்கள், ஐந்து கீறல். இப்போது ஒரு இதழை எடுத்துக்கொண்டு, அதன் இடது பக்கக் கீறலின் மேல் விளிம்பில் கத்தியைப் படுக்க வைத்து, வலது பக்கக் கீறலின் அடிமட்டத்தில் போய் முடிகிற மாதிரி சரிவாகச் சீவிவிடுங்கள். ஒரு சின்ன ஆப்பு மாதிரி துண்டு வெளியே வரும். ஐந்து இதழிலும் ஒரே திசையில் இப்படிச் செய்தால் காற்றாடி மாதிரி ஒவ்வொரு இதழும் அடுத்த இதழின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். முதல் பத்து எனக்குக் கோணலாகத்தான் வந்தது, எல்லாம் சூப்பில் போனது, ருசியில் ஒரு குறையும் இல்லை. முற்றிய கேரட் வேண்டாம். நடுத்தண்டு கட்டையாக இருக்கும், கீறும்போது தெறித்து உடையும்.

ஐஸ் தண்ணீரில் விறைக்க வைப்பதற்கு நேர் எதிரான தந்திரம் ஒன்றும் இருக்கிறது. கேரட்டையோ முள்ளங்கியையோ பீலரால் நீள நாடாவாகச் சீவி ரோஜாவாகச் சுருட்டப் பார்த்தால் பட்டென்று ஒடியும். அப்போது உப்புத் தண்ணீர். அரை லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு, பத்துப் பதினைந்து நிமிடம். உப்பு, காய்க்குள் இருக்கிற தண்ணீரை வெளியே இழுத்துவிடும், நாடா துணி மாதிரி துவண்டு சொன்னபடி கேட்கும். அலசிச் சுருட்டி, பல்குத்தியால் குத்தி, மறுபடி ஐஸ் தண்ணீரில் போட்டால் அந்த வடிவத்திலேயே விறைத்துக்கொள்ளும். கெட்டியாக நின்றதும் குச்சியை மறக்காமல் உருவிவிடுங்கள். காய்க்குள் ஒளிந்திருக்கிற குச்சியைக் குழந்தைகள் கவனிக்க மாட்டார்கள், பெரியவர்களும் பேச்சு சுவாரசியத்தில் கவனிக்க மாட்டார்கள். நான் ஒரு தடவை கேரட் கழுத்தைக் குச்சியால் முள்ளங்கி உடம்பில் குத்தி அன்னம் செய்தேன். பரிமாறும்போது தலை கழன்று ஒருவர் தட்டில் விழுந்தது. அன்றோடு பறவைகளை விட்டுவிட்டேன்.

உப்பு இழுக்கும் என்று தெரிந்திருந்தும் ஒரு நாள் கோட்டை விட்டேன். வெள்ளரிக்காயைப் பாதியாகப் பிளந்து, ஒரு ஓரம் ஒட்டியிருக்க மெல்லிசாக நறுக்கி, உள்ளங்கையால் அழுத்தி விசிறியாக விரித்து, சாலட்டைச் சுற்றி வரிசையாக அடுக்கியிருந்தேன். கடைசி நிமிடத்தில் உப்பும் எலுமிச்சையும் கலந்து மேலே ஊற்றினேன். சாப்பிட உட்கார்வதற்குள் விசிறியெல்லாம் தொங்கிப்போய், தட்டில் குளம். உப்பு சேர்த்த எதையும் அலங்காரத்தின் மேல் ஊற்றாதீர்கள், தனிக் கிண்ணத்தில் வையுங்கள்.

தக்காளி ரோஜா பார்க்கக் கஷ்டமாகத் தெரியும், ஆனால் எளிது. கெட்டியான தக்காளி வேண்டும், பழுத்துக் குழைந்தது ஆகாது. காம்புக்கு எதிர்ப்பக்கத்தில் நாணயம் அளவு ஒரு வட்டத்தைச் சீவத் தொடங்கி, அதைத் துண்டிக்காமல் அப்படியே இரண்டு சென்டிமீட்டர் அகல நாடாவாகத் தோலைச் சுற்றிச் சுற்றி உரியுங்கள். சதை அதிகம் ஒட்டாமல் மெல்லிசாக வரட்டும், கத்தியைக் கொஞ்சம் அலையலையாக ஆட்டினால் ஓரம் இதழ் மாதிரி இருக்கும். நாடாவின் கடைசி முனையிலிருந்து தோல் வெளியே தெரியும்படி சுருட்டிக்கொண்டே வந்து, அந்த வட்டத்தின் மேல் உட்காரவைத்தால் ரோஜா. நடுவில் அறுந்துவிட்டால் பதறாதீர்கள், இரண்டு துண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றினால் யாருக்கும் தெரியாது.

எதை எப்போது செய்வது என்பதும் கேட்பீர்கள். கேரட், முள்ளங்கிப் பூக்களை முதல் நாளே செய்து, தண்ணீரோடு மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைக்கலாம், தண்ணீரை மட்டும் தினம் மாற்றினால் இரண்டு மூன்று நாள் தாங்கும். வெங்காயம், மிளகாய், வெங்காயத்தாள் எல்லாம் அன்று காலையில் போதும். வெள்ளரியும் தக்காளியும் பரிமாறுவதற்குச் சற்று முன்னால்தான். தக்காளி ரோஜாவை முந்தைய நாள் இரவே செய்து வைத்த அனுபவமும் எனக்கு உண்டு, காலையில் டப்பாவைத் திறந்தால் நீர் விட்டு ஒரு பக்கம் சாய்ந்து படுத்திருந்தது. தண்ணீரிலிருந்து எடுத்த எதையும் துணியில் கவிழ்த்து நன்றாக வடியவிட்ட பிறகே தட்டில் வையுங்கள்.

அப்புறம், இவை பச்சையாகத் தட்டில் போகிறவை, யாராவது எடுத்துக் கடிக்கத்தான் செய்வார்கள். காயைச் செதுக்குவதற்கு முன்பே கழுவுங்கள், இறைச்சி வெட்டிய பலகையில் செய்யாதீர்கள். இலை வேண்டுமே என்று வாசலில் இருக்கிற ஏதோ ஒரு செடியைக் கிள்ளி வைக்கவும் வேண்டாம், அழகான அரளிப்பூ முழுக்க விஷம். கொத்தமல்லியும் புதினாவும் இருக்கும்போது என்ன குறை?

இந்த வாரம் வெங்காயத்தாளில் மட்டும் ஆரம்பியுங்கள். வீணானால் ஒரு தாள்தான்.