அரசுப் பள்ளி ஆசிரியர் தன் வகுப்புக்கு நன்கொடை கேட்பது எப்படி?

நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன், நுண்ணோக்கியும் சில சோதனைப் பொருட்களும் வேண்டும், யாரிடம் எப்படிக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர்தான். எங்கள் சோதனை அலமாரியில் இருப்பதில் பெரும்பகுதி ஊர்க்காரர்களும் பழைய மாணவர்களும் கொடுத்தது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: பணம் உங்கள் கைக்கு வரவே கூடாது. சொந்த ஜிபே எண்ணைப் போட்டு வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைப்பது சுலபம்தான். ஆனால் நாம் அரசு ஊழியர்கள். முன் அனுமதி வாங்காமல் நிதி திரட்ட நடத்தை விதிகளில் இடமில்லை. யாராவது ஒரு புகார் மனு போட்டால், நல்ல எண்ணத்தில் வசூலித்தேன் என்று விளக்கம் எழுதிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

தலைமையாசிரியரிடம் பேசுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். அவர்கள் கையெழுத்துப் போட்ட தீர்மானத்தின் நகல் கையில் இருந்தால் யார் வீட்டு வாசலிலும் தயங்காமல் போய் நிற்கலாம். பணமாகத் தருகிறவர்கள் பள்ளியின் வங்கிக் கணக்குக்கே அனுப்பட்டும். அதைவிடப் பொருளாக வாங்குவது நல்லது. கொடுப்பவரே கடைக்குப் பணம் கட்டுவார், பில் பள்ளி பெயரில் இருக்கும், பொருள் நேராகப் பள்ளிக்கு வரும். வந்த அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிடுங்கள். அமெரிக்காவில் டோனர்ஸ்சூஸ் என்ற அமைப்பு இப்படித்தான் நடக்கிறது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஆசிரியராக இருந்த சார்லஸ் பெஸ்ட் 2000இல் தொடங்கியது அது. ஆசிரியர் வேண்டிய பொருளைப் பட்டியலிடுவார், பணம் சேர்ந்ததும் அமைப்பே வாங்கிப் பள்ளிக்கு அனுப்பிவிடும்.

அடுத்து கடிதம். ‘எங்கள் பள்ளியில் ஏழைப் பிள்ளைகள் படிக்கிறார்கள், தங்களால் இயன்றதைச் செய்யவும்’ என்று எழுதினால் படிக்கிறவருக்கு என்ன செய்வதென்றே தெரியாது. நான் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

“ஆறாம் வகுப்பில் 34 பேர். இரண்டாம் பருவத்தில் செல் பாடம் வருகிறது. வெங்காயத் தோலின் செல்லை எங்கள் பிள்ளைகள் இதுவரை புத்தகப் படத்தில்தான் பார்க்கிறார்கள். இரண்டு நுண்ணோக்கிகள், ஒரு பெட்டி ஸ்லைடு, சாயம் வேண்டும். மொத்தம் 9,400 ரூபாய். மூன்று கடைகளின் கொட்டேஷன் இணைத்திருக்கிறேன். நவம்பருக்குள் கிடைத்தால் இந்த வருடப் பிள்ளைகளே பார்த்துவிடுவார்கள்.”

பக்கத்து ஊரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் இதைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே படித்தார். “சார், முப்பத்தி நாலு பேருக்கு ரெண்டு எப்படிப் பத்தும்?” என்று கேட்டுவிட்டு நான்குக்குப் பணம் கட்டினார். என்ன பொருள், எத்தனை பேருக்கு, என்ன விலை என்று தெரிந்தால் கொடுப்பவர் தானாகவே கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறார்.

பிள்ளைகளின் கிழிந்த சட்டையையோ குடும்பக் கஷ்டத்தையோ படம் எடுத்துப் போட்டுக் கேட்காதீர்கள். அந்தப் படத்தை நாளைக்கு அதே பிள்ளை பார்க்கும். வெயிலில் வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொருவராகக் கைநீட்டி வாங்கச் சொல்லும் விழாவுக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பொருளின் மேல் கொடுத்தவர் பெயரைச் சின்னதாக எழுதிக்கொள்ளட்டும், அது நியாயம்.

யாரிடம் கேட்பது? ஊரிலிருந்தே தொடங்குங்கள். பல ஊர்களில் கல்விச் சீர் கொண்டுவருகிறார்களே, பார்த்திருப்பீர்கள். மேளம் முன்னால் போக, நோட்டு, நாற்காலி, குடம், மின்விசிறி என்று தட்டிலும் தலையிலும் சுமந்து ஊரே பள்ளிக்கு வரும். ஐநூறு ரூபாய் கொடுத்தவருக்கும் அதில் பங்கு உண்டு என்பதால் எனக்கு மிகவும் பிடித்த வழி இது. நமக்கு இது புதிதும் இல்லை. காமராஜர் ஆட்சியில், 1950களின் கடைசியில், கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தி, ஊர்மக்களிடமிருந்தே பள்ளிகளுக்கு வேண்டியதைத் திரட்டியிருக்கிறார்.

ஊரால் முடியாத தொகை என்றால் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’. 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய திட்டம் இது. பள்ளியின் தேவையை அதன் இணையதளத்தில் பதிந்தால், கொடுப்பவர் பள்ளியையும் தேவையையும் தேர்ந்தெடுத்துப் பணம் அனுப்பலாம். பதிவதோடு விட்டுவிடாதீர்கள். அந்த இணைப்பை வெளியூரில் இருக்கும் பழைய மாணவர்களுக்கு நீங்களே அனுப்பினால்தான் ஆள் வரும். வெளிநாட்டில் இருப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை: இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வேறு, வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்புவது வேறு. பின்னது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வந்துவிடும். தூண்டித் துருவிக் கேட்கிறோமே என்று கூச்சப்படாமல், எந்த நாட்டுக் குடியுரிமை என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறுவனங்களின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) நிதி பற்றியும் பலர் சொல்வார்கள். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கழிப்பறை, வகுப்பறைக் கட்டடம் என்று பெரிய வேலைக்கு அது சரி. பத்தாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு அவர்கள் கேட்கும் காகிதங்களைத் தயார் செய்வதற்குள் பருவமே முடிந்துவிடும். உங்கள் தேவைக்கு அங்கே போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

பொருள் வந்து ஒரு மாதம் கழித்து, வகுப்பில் அது பயன்படுவதைப் பற்றிப் பிள்ளைகளையே நாலு வரி எழுதச் சொல்லிக் கொடுத்தவருக்கு அனுப்புங்கள். அடுத்த வருடம் அவரே போன் செய்து என்ன வேண்டும் என்று கேட்பார். அப்புறம், நுண்ணோக்கியின் லென்ஸைத் துடைப்பது, பல்பு போனால் மாற்றுவது, அலமாரிச் சாவி வைத்திருப்பது யார் பொறுப்பு என்பதையும் இப்போதே அந்தத் தீர்மானத்தில் சேர்த்துவிடுங்கள். நீங்கள் மாறுதலில் போனாலும் அடுத்து வருகிறவர் அலமாரியைத் திறக்க வேண்டுமல்லவா?