கேரி பேக்கை உள்ளாட்சி அமைப்புகளால் ஒழிக்க முடியுமா?

“தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன, ஆனால் காய்கறிக் கடை முதல் பிரியாணிக் கடை வரை கேரி பேக் இன்னமும் தாராளமாகக் கிடைக்கிறது. நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஆகியவற்றால் இதை உண்மையிலேயே ஒழிக்க முடியுமா, இல்லை அபராதம் வசூலிப்பதோடு நின்றுவிடுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும் என்பதுதான் என் பதில். தென் மாவட்ட நகராட்சி ஒன்றில் சுகாதார ஆய்வாளராக நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். தடை வந்த நாட்களில் கடை கடையாக ஏறி இறங்கியவர்களுள் ஒருவன். மளிகை, துணி, காய்கறி போன்ற உலர்ந்த பொருட்களை எடுத்துச் செல்லும் பையும், மாவு, மீன், இறைச்சி, சாம்பார் போன்ற ஈரப் பொருட்களைக் கட்டித் தரும் பையும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிகின்றன. ஆனால் அவற்றை ஒழிக்கும் வழிகள் வேறு. இரண்டையும் ஒரே அபராத ரசீதால் ஒழித்துவிடலாம் என்று எண்ணுவதால்தான் நம் ஊர்களில் தடை தடுமாறுகிறது என்பது என் உறுதியான கருத்து.

சட்டத்தில் குறை இருப்பதாகப் பலர் சொல்கிறார்கள்; நான் அப்படி நினைக்கவில்லை. 2018 ஜூன் 5 அன்று சட்டப்பேரவையில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்து, அதே மாதம் 25ஆம் தேதி அரசாணையாக வெளிவந்து, 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்தத் தடை, தூக்கியெறியப்படும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களைப் பட்டியலிட்டது. அவற்றில் கேரி பேக்குக்குத் தடிமன் எதுவாக இருந்தாலும் தடைதான். இதன் அருமை களத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். மத்திய அரசின் விதிகள் 1999இல் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 2011இல் 40, 2016இல் 50 என்று குறைந்தபட்சத் தடிமனை உயர்த்திக்கொண்டே வந்தன. பின்னர் 2021 செப்டம்பர் முடிவில் 75 ஆகவும், 2022 டிசம்பர் முடிவில் 120 ஆகவும் ஆக்கின. தடிமனைக் கொண்டு தடை செய்தால், அளக்கும் கருவி கையில் இல்லாத ஆய்வாளர் என்ன செய்வார்? பையின் ஓரத்தில் “51 மைக்ரான்” என்று அச்சடித்திருந்தால் அதைப் படித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். தமிழ்நாட்டு அரசாணை அந்த வாதத்துக்கே இடம் வைக்கவில்லை. துணியைப் போலத் தோன்றும் ‘நான்-ஓவன்’ (non-woven, நெய்யப்படாத) பையையும், அதுவும் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்தான் என்பதால், தடைப் பட்டியலில் சேர்த்தது.

அபராத விகிதமும் யோசித்துத்தான் வைக்கப்பட்டது. 2019 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள விகிதப்படி, சிறு கடைக்கு முதல் முறை 100 ரூபாய், அடுத்து 200, அதற்கடுத்து 500. தடை செய்யப்பட்ட பொருளைச் சேமித்து வைப்பவருக்கும் விநியோகம் செய்பவருக்கும் முதல் முறையே 25,000 ரூபாய், மூன்றாம் முறை 1 லட்சம். சட்டம் யாரைக் குறி வைத்தது என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது. நடைமுறையில் இது தலைகீழாகிறது. வாரந்தோறும் இத்தனை வழக்கு, இத்தனை ரூபாய் என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டியிருக்கும்போது, எளிதில் கைக்குக் கிடைப்பவர் பேருந்து நிலைய வாசலில் கூடை வைத்திருக்கும் பூக்கார அம்மாதான். அன்றைய சம்பாத்தியத்தில் 100 ரூபாயை எடுத்துக்கொண்டு ரசீது கிழித்துக் கொடுத்துவிட்டால் மறுநாள் கேரி பேக் வராது என்று நம்புவதற்கு எந்த அடிப்படையும் இல்லை. அவர் ஒரு கட்டு கவர் வாங்கும் கடை அதே தெருவின் பின்புறத்தில் இருக்கிறது.

அந்தக் கடைகளின் அமைப்பை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். முகப்பில் பாக்கு மட்டைத் தட்டும் காகிதக் கோப்பையும் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும்; பின்கட்டில் சாக்கு மூட்டைகளுக்குள் கிலோ கணக்கில் விற்கும் கவர் கட்டுகள் கிடக்கும். லாரி பார்சலில் வேறு சரக்கின் பெயரில் வந்து இறங்கும் மூட்டை, விடியற்காலையில் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியில் கட்டுக் கட்டாகப் பிரிந்து ஊரெங்கும் போய்விடும். ஒரு நடுத்தர நகரத்துக்குள் இப்படிச் சரக்கு இறக்கும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவையே. அவை எவை என்பது அந்தந்த வார்டின் தூய்மைப் பணியாளர்களுக்குத் தெரியும். அங்கே ஒரு மூட்டையைப் பிடிப்பது ஆயிரம் கடைகளில் ரசீது கிழிப்பதைவிடப் பயன் தரும் என்பதைப் பணிக்காலம் முழுவதும் சொல்லிவந்தேன், இன்றும் சொல்கிறேன்.

நீலகிரியில் ஓரளவு வெற்றி கிடைத்ததற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். 2000ஆம் ஆண்டுவாக்கில் அங்கு ஆட்சியராக இருந்த சுப்ரியா சாஹு ‘ஆபரேஷன் புளூ மவுண்டன்’ என்ற பெயரில் தொடங்கிய முயற்சி, மாநிலத் தடைக்குப் பல ஆண்டுகள் முந்தியது. மலை ஏறும் சாலைகள் சிலவே என்பதால், பர்லியாறு, குஞ்சப்பனை போன்ற சோதனைச் சாவடிகளில் வண்டியை நிறுத்திப் பார்த்தாலே மலைக்குள் நுழையும் பிளாஸ்டிக்கில் பெரும்பகுதியைத் தடுத்துவிடலாம். சமவெளி நகரத்துக்கு அந்த வசதி இல்லை. அதன் சோதனைச் சாவடி லாரி புக்கிங் அலுவலகமும் மொத்த வியாபாரியின் கிடங்கும்தான்.

இனி உலர்ந்த பொருளுக்கான பை. இதை ஒழிப்பதற்கு உலகில் சோதித்துப் பார்த்த வழி ஒன்று உண்டு: பைக்குத் தனி விலை வைத்து, அதைப் பில்லில் வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியும்படி எழுதுவது. அயர்லாந்து 2002 மார்ச்சில் பை ஒன்றுக்கு 15 சென்ட் வரி விதித்தபோது, ஆண்டுக்கு ஒருவருக்கு ஏறத்தாழ 328 ஆக இருந்த பைகளின் எண்ணிக்கை 21 ஆக வீழ்ந்தது. அங்கே பை தடை செய்யப்படவில்லை. இலவசமாகக் கிடைப்பது மட்டுமே நின்றது. இலங்கையிலும் 2025 நவம்பர் முதல் கடைகள் பாலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது, அதன் விலையைக் காட்ட வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. நம் நாட்டில் இந்த வழி அறியப்படாததும் அல்ல. 2011 விதிகள் பையை இலவசமாகத் தரக் கூடாது என்றும், குறைந்தபட்ச விலையை நகராட்சி நிர்ணயிக்கலாம் என்றும் கூறின. 2016 விதிகள் ஒரு படி மேலே போய், பை கொடுக்க விரும்பும் கடை உள்ளாட்சியில் பதிவு செய்து ஆண்டுக்கு 48,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றன. 2018 மார்ச் திருத்தத்தில் அந்த விதியே நீக்கப்பட்டது. உள்ளாட்சிகளின் கையில் இருந்த கூர்மையான கருவி அப்படிப் போனது எனக்கு இன்றும் வருத்தமே.

விலை வைப்பதிலும் கவனம் வேண்டும். கலிபோர்னியா 2014இல் மெல்லிய பைகளைத் தடை செய்து, தடித்த பைகளைத் ‘திரும்பப் பயன்படுத்தக்கூடியவை’ என்ற பெயரில் 10 சென்ட்டுக்கு விற்க அனுமதித்தது. மக்கள் தடித்த பையையும் ஒரே முறையில் தூக்கியெறிந்தார்கள். முன்பைவிடக் கனமான குப்பை சேர்ந்தது. 2024இல் இன்னொரு சட்டம் இயற்றி, 2026 முதல் கடைகளின் பில் மேசையில் எந்தத் தடிமனிலும் பிளாஸ்டிக் பை கூடாது என்று ஆக்க வேண்டியிருந்தது. நம் ஊரில் 120 மைக்ரான் பையைக் கொண்டு வரலாமே என்று வாதிடுபவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

மஞ்சப்பைக்கு வருகிறேன். 2021 டிசம்பர் 23 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும், அதன்பின் 2022இல் கோயம்பேட்டிலும் பிற இடங்களிலும் வந்த, 10 ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரங்களும் நல்ல முயற்சிகள். துணிப்பை கொண்டு போவது கௌரவக் குறைவு என்ற எண்ணத்தை அவை ஓரளவு போக்கின. ஆனால் துணிப்பைக்கு நம் வீடுகளில் ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை. கல்யாண வீடுகளில் கொடுத்த தாம்பூலப் பைகள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. வேலை முடிந்து பைக்கில் திரும்பும் ஒருவருக்கு வீட்டிலிருந்து போன் வந்து, வழியில் அரைக் கிலோ தக்காளியும் ஒரு கட்டுக் கீரையும் வாங்குகிறாரே, அந்த நேரத்தில் பை ஆணியில் இருக்கிறது, அவர் கடையில் இருக்கிறார். ஆகவே பை கடையில் கிடைக்க வேண்டும். 10 ரூபாய் வைப்புத்தொகைக்குத் துணிப்பை கொடுத்து, எந்தக் கடையில் திருப்பினாலும் பணத்தைத் தரும் ஏற்பாட்டை ஒரு நகராட்சி மகளிர் சுய உதவிக் குழுக்களின் துணையோடு செய்ய முடியும். நீலகிரியில் 2022 முதல் மதுபாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டில் வந்ததும் திருப்பித் தரும் முறை உயர் நீதிமன்ற உத்தரவால் வந்திருக்கும்போது, பைக்கு அதைச் செய்ய முடியாது என்பதை நான் ஏற்க மாட்டேன்.

ஈரப் பொருள்தான் உண்மையான சவால். இட்லி மாவையோ மத்தி மீனையோ மஞ்சப்பையில் வாங்க முடியாது. ஆட்டுக்கறியைத் தேக்கிலையிலும் தாமரை இலையிலும் பனை ஓலைப் பெட்டியிலும் கட்டித் தந்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இன்று இலைக்கும் ஓலைக்கும் ஆகும் செலவு கவரின் விலையைவிடப் பல மடங்கு. பாத்திரம் கொண்டு வரச் சொல்வதே நிலையான வழி. அதற்கு மக்கள் தயங்குவதன் காரணத்தை மீன் மார்க்கெட்டில் நின்று பேசியபோதுதான் முழுமையாக அறிந்தேன். சோம்பலைவிடப் பெரிய காரணம் எடை. பாத்திரத்தின் எடையையும் மீனோடு சேர்த்துப் போட்டுவிடுவார்கள் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. மின்னணுத் தராசில் வெறும் தூக்குவாளியை வைத்து, ‘டேர்’ பொத்தானை அழுத்தி, திரையில் பூஜ்ஜியம் வருவதை வாடிக்கையாளரிடம் காட்டிய பிறகு மீனைப் போட வேண்டும் என்று கடைக்காரர்களிடம் சொன்னோம். தராசின் திரை வாங்குபவர் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்றோம். பாத்திரத்தோடு வருபவர்களை முதலில் அனுப்பவும் கேட்டுக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தூக்குவாளிகள் தென்படத் தொடங்கின. இதற்கு நகராட்சி செலவிட்டது நேரம் மட்டுமே. இப்படிப்பட்ட சிறு ஏற்பாட்டை ஊர் அளவில் இருக்கும் அமைப்புதான் செய்ய முடியும். தலைமைச் செயலகத்திலிருந்து ஒரு தராசின் திரையைத் திருப்ப முடியாது.

உள்ளாட்சி தன் கையில் இருந்தும் பயன்படுத்தாத அதிகாரம் இன்னொன்று உண்டு. மீன் மார்க்கெட், ஆட்டுக்கறிக் கடைகள், வாரச் சந்தை, பேருந்து நிலையக் கடைகள் ஆகியவை பெரும்பாலான ஊர்களில் நகராட்சிக்கோ பேரூராட்சிக்கோ சொந்தமானவை. அங்கே அது அபராதம் போடும் அதிகாரி மட்டுமல்ல, கடையின் உரிமையாளரும்கூட. ஏல நிபந்தனையில் கேரி பேக் கூடாது என்று எழுதி, மீறினால் குத்தகை ரத்து என்று ஒருமுறை நடத்திக் காட்டினால், 500 ரூபாய் அபராதம் செய்யாததை அது செய்யும். சமுதாயக் கூட வாடகைக்கும் இதே நிபந்தனையை வைக்கலாம்.

“பிடித்த பிளாஸ்டிக்கைச் சாலை போடப் பயன்படுத்தலாமே, பிறகு ஏன் தடை?” என்று கேட்பவர்கள் உண்டு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்ட பிளாஸ்டிக் சாலை முறை சிறப்பானதே. ஆனால் அதற்குச் சுத்தமான, உலர்ந்த பிளாஸ்டிக் வேண்டும். சாம்பார் ஒட்டிய கவர் அங்கே போய்ச் சேர்வதில்லை. அது சாக்கடைக்கும் மாட்டின் வயிற்றுக்கும்தான் போகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் வாய்க்கால் தூர்வாரும்போது, வண்டலுக்குள் கவர்கள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். மண்வெட்டி இறங்காது, தொழிலாளி குனிந்து கையால் இழுத்துத்தான் எடுக்க வேண்டும். 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். இந்த இரண்டையும் நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

உங்கள் ஊரில் என்ன கேட்கலாம் என்பதையும் சொல்கிறேன். கடந்த ஓராண்டில் வசூலித்த பிளாஸ்டிக் அபராதத்தில் சில்லறைக் கடைகளிடமிருந்து எவ்வளவு, மொத்த வியாபாரிகளிடமிருந்து எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். கிடங்குகளில் நடந்த சோதனைகள் எத்தனை, பறிமுதல் செய்த கவர்கள் எத்தனை கிலோ, அவை எங்கே அனுப்பப்பட்டன, மார்க்கெட் கடைகளின் ஏல நிபந்தனையில் கேரி பேக் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பவற்றையும் கேளுங்கள். நகரமானால் பகுதி சபைக் கூட்டத்திலும், ஊராட்சியானால் கிராம சபையிலும் இவற்றை எழுப்பித் தீர்மானமாகப் பதிவு செய்யக் கேட்கலாம். அங்கே பதில் வராவிட்டால், அதே கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாட்களுக்குள் அவர் எழுத்தில் பதில் தர வேண்டும்.