பிரஸ் வாங்கினால் குழு ஆகிவிடுமா?

வணக்கம் ஐயா,

கல்லூரி முடித்த நாங்கள் ஐந்து பேர் பணம் போட்டு ஒரு எட்சிங் பிரஸ் (அமிலத்தால் அரித்த உலோகத் தகட்டிலிருந்து படம் அச்சிடும் எந்திரம்) வாங்கினோம். இப்போது அவரவர் முறைக்கு வந்து பிரிண்ட் எடுத்துக்கொண்டு போகிறோம், மாவு மில்லில் நிற்பதுபோல. மெக்சிகோவின் மக்கள் வரைகலைப் பட்டறை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது ஏக்கமாக இருந்தது. அவர்களால் மட்டும் எப்படிக் குழுவாக இயங்க முடிந்தது? குழு என்று ஆகிவிட்டால் தனித்தன்மை போய்விடாதா?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

மாவு மில்லிலாவது நாலு வார்த்தை பேசிக்கொள்வார்கள்!

லெயோபோல்டோ மெண்டெஸ், பாப்லோ ஓ'ஹிக்கின்ஸ், லூயிஸ் அரேனல் என்ற ஓவியர்கள் மூவரும் 1937-ல் மெக்சிகோ நகரில் தொடங்கிய பட்டறை அது. கல்லச்சு பிரஸ் இருந்தது உண்மை. ஆனால் அவர்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது லினோ கட். அதற்குப் பெரிய பிரஸ்ஸே வேண்டாம். தரையில் விரிக்கும் லினோலியத்தைச் செதுக்கி, மை உருட்டி, தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தாலே பிரதி வந்துவிடும். வீட்டிலேயே செய்யலாம். ஆனாலும் பட்டறைக்கு வந்தார்கள். காரணம், வேலை வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தது. தொழிற்சங்கத்துக்குச் சுவரொட்டி, பாசிச எதிர்ப்புக் கூட்டத்துக்குத் துண்டறிக்கை. கூட்டத் தேதி நெருங்கும்போது யாரும் தன் படத்தை மூடி வைத்துக்கொண்டிருக்க முடியாது. எல்லோர் முன்னாலும் வைத்து, திட்டு வாங்கி, திருத்திச் செதுக்குவது அங்கே வழக்கம். 1947-ல் வந்த மெக்சிகப் புரட்சி பற்றிய அச்சுப்படத் தொகுப்பின் 85 படங்களும் இந்தப் பழக்கத்திலிருந்து வந்தவைதான்.

தனித்தன்மை? 1946-ல் அமெரிக்காவிலிருந்து அங்கே போன கறுப்பினக் கலைஞர் எலிசபெத் கேட்லெட், அமெரிக்கக் கறுப்பினப் பெண்களைப் பற்றி 15 லினோ கட்டுகள் செய்தார். அவற்றை மெண்டெஸின் படங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; யார் கை எது என்று குழப்பமே வராது.

ரொம்பவும் ஏங்க வேண்டாம். ஸ்டாலினோடு மோதி மெக்சிகோவில் தஞ்சம் புகுந்திருந்த ரஷ்யப் புரட்சித் தலைவர் ட்ராட்ஸ்கியின் வீட்டின்மீது 1940-ல் துப்பாக்கித் தாக்குதல் நடத்தியவர்களில் அரேனலும் ஒருவர். சேர்த்து வைத்த அரசியலே பிரிக்கவும் செய்தது. பின்னாளில் மெண்டெஸே பட்டறையிலிருந்து வெளியேறிவிட்டார்.

நீங்கள் ஐவரும் வெளியாள் ஒருவருக்காக, தேதி குறித்த வேலை ஒன்றைப் பிடியுங்கள். உங்கள் ஊர் நாடகக் குழுவுக்குச் சுவரொட்டி என்றாலும் சரி. முதல் புரூஃபை, அதாவது சோதனைப் பிரதியை, சுவரில் ஒட்டுங்கள். மற்ற நால்வரும் பேசட்டும், செதுக்கியவர் வாய் திறக்கக் கூடாது. அப்புறம், இதை எட்சிங்கில் ஆரம்பிக்காதீர்கள், தேதிக்குள் முடியாது. லினோவே போதும்.