டிஃப் ஏன் இப்படிக் காட்டுகிறது?

கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் பற்றி வந்த கேள்விகளில், இரண்டு பதிப்புகளுக்கு நடுவே என்ன மாறியது என்று காட்டும் டிஃப் தொடர்பானவற்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஒரு ஃபங்ஷனுக்குக் கீழே இன்னொன்றைச் சேர்த்தேன். டிஃப்பிலோ பழைய ஃபங்ஷனை மூடும் அடைப்புக்குறி பச்சையாக, புதிதாகச் சேர்த்ததுபோல் வருகிறது. நான் அதைத் தொடவே இல்லையே?

பதில்: நீங்கள் எதைத் தொட்டீர்கள் என்பது கிட்டுக்குத் தெரியாது. ஒவ்வொரு கமிட்டிலும், அதாவது நீங்கள் பதிந்து வைக்கும் ஒவ்வொரு நிலையிலும், கோப்பு முழுதாக இருப்பதாகத்தான் அதற்குக் கணக்கு. டிஃப் கேட்கும்போதுதான் இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் வைத்து, மிகக் குறைவாக எத்தனை வரிகளைச் சேர்த்து நீக்கினால் பழையது புதியதாகும் என்று பார்க்கிறது. யூஜின் மையர்ஸ் 1986இல் வெளியிட்ட அல்காரிதம்தான் இதற்கு அடிப்படை.

பழைய கோப்பில் "க", "}" என 2 வரி, புதியதில் "க", "}", "ச", "}" என 4 வரி என்று வையுங்கள். நடுவே "}", "ச" சேர்ந்தது என்றாலும் 2 வரி, கடைசியில் "ச", "}" சேர்ந்தது என்றாலும் 2 வரி. கணக்குப்படி இரண்டும் சரி. மனிதக் கண்ணுக்கு இயல்பானதைத் தேர்ந்தெடுக்க, 2017இல் வந்த 2.14 பதிப்பிலிருந்து கிட் வரிகளின் உள்தள்ளலையும் (தொடக்கத்தில் விடும் இடைவெளியையும்) தானாகவே பார்க்கிறது. அப்படியும் குழப்பினால் ஹிஸ்டோகிராம் முறையைப் போட்டுப் பாருங்கள். எங்கும் வரும் அடைப்புக்குறியை விட்டுவிட்டு, அரிதாக வரும் வரிகளை அது முதலில் பொருத்தும். ஃபங்ஷன்களை இடம் மாற்றிய கோப்புகளில் ரொம்பவே தெளிவு. நான் அதையே நிரந்தரமாக வைத்திருக்கிறேன்.

கேள்வி: டிஃப்பில் வரும் "@@ -12,6 +12,7 @@" என்றால்?

பதில்: பழைய கோப்பில் 12ஆம் வரியிலிருந்து 6 வரி, புதியதில் 12ஆம் வரியிலிருந்து 7 வரி. மேலே 3, கீழே 3 வரி சூழலுக்காக வருபவை. எனவே புதிதாக வந்தது 15ஆம் வரி.

கேள்வி: ஒரு வரிதான் மாற்றினேன், கோப்பு முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக வருகிறது.

பதில்: பெரும்பாலும் வரி முடிவுக் குறிதான் காரணம். விண்டோஸும் லினக்ஸும் அதை வேறு வேறாக எழுதுகின்றன. கிட் ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் ஒரு முறை தீர்மானித்து வைத்துவிடுங்கள்.

கேள்வி: கோப்பின் பெயரை மாற்றினேன். பழையது நீக்கம், புதியது சேர்க்கை என்கிறது.

பதில்: பெயர் மாற்றத்தையும் கிட் எங்கும் பதிந்து வைப்பதில்லை, ஊகிக்கிறது. உள்ளடக்கம் 50 சதவீதமாவது ஒத்திருந்தால்தான் ஒரே கோப்பு என்று கொள்ளும். பெயரை மட்டும் மாற்றி ஒரு கமிட், அப்புறம் உள்ளே கைவைத்து இன்னொரு கமிட் என்று பிரித்துப் போடுங்கள். ரிவ்யூ செய்பவருக்கு அது பெரிய உதவி.

கேள்வி: என் கிளையில் 2 கோப்புதான் மாற்றினேன். முதன்மைக் கிளையான மெயினோடு டிஃப் எடுத்தால் நாற்பது வருகிறதே?

பதில்: நீங்கள் பிரிந்து வந்த பிறகு மற்றவர்கள் மெயினில் சேர்த்தவையும் அதில் வருகின்றன, அதுவும் நீங்கள் நீக்கியதுபோல. பதற வேண்டாம். இரண்டு பெயர்களுக்கும் நடுவே மூன்று புள்ளி வையுங்கள். கிளை பிரிந்த இடத்திலிருந்து உங்கள் மாற்றம் மட்டும் வரும். அந்த இடம் எது என்று பார்க்க மெர்ஜ்-பேஸ் கமாண்ட் இருக்கிறது.