அம்மம்மாவின் வீட்டைத் தொலைக்காமல் மொட்ஸ் ஃபோல்டரைத் திருத்துவது எப்படி?

கேள்வி: அக்கா, நான் இரண்டு வருடமாக சிம்ஸ் 4 (ஆட்களையும் வீடுகளையும் உருவாக்கி விளையாடும் கேம்) விளையாடுகிறேன். அம்மம்மா இருந்த சாவகச்சேரி வீட்டைப் போலவே கிணறு, ஊஞ்சல், மரக்கதவு எல்லாம் தேடித் தேடி டவுன்லோட் செய்து கேமுக்குள் கட்டி வைத்திருக்கிறேன். போன கிழமை அப்டேட் வந்த பிறகு அதில் ஒன்றுமே தெரியவில்லை. செட்டிங்கில் மொட்களை (கேமுக்கென்று மற்றவர்கள் செய்து தரும் கூடுதல் கோப்புகள்) திரும்பப் போட்டதும் எல்லாம் வந்துவிட்டது, ஆனால் இப்போது யாரையாவது படுக்கச் சொன்னால் உடனே எழுந்து நிற்கிறார்கள். மொட்ஸ் ஃபோல்டரில் 9 ஜிபி, கிட்டத்தட்ட 3,000 கோப்புகள். கடையில் கேட்டால் கேமை அழித்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்கிறார்கள். போடவா?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: வேண்டாம் தங்கச்சி. கேமை அழித்துப் போட்டாலும் டொகியுமென்ட்ஸுக்குள் இருக்கும் சிம்ஸ் 4 ஃபோல்டர் அப்படியேதான் இருக்கும், மொட்ஸும், சேமித்த விளையாட்டுகள் உள்ள சேவ்ஸும் அதற்குள் இருப்பதால் பழுதான கோப்பும் அங்கேயே கிடக்கும், உங்கள் டேட்டா கரைந்ததுதான் மிச்சம். முதலில் எல்லாம் மறைந்தது வேறு கதை. ஒவ்வொரு அப்டேட்டிலும் கேம் தானாகவே மொட்களை அணைத்துவிடும், அதை நீங்களே சரியாகப் போட்டுவிட்டீர்கள்.

இன்றைக்கே சேவ்ஸ், ட்ரே (கேமின் லைப்ரரியில் சேமித்த வீடுகளும் குடும்பங்களும் இருப்பது) என்ற இரண்டு ஃபோல்டர்களையும் ஒரு பென் டிரைவில் கொப்பி எடுங்கள். அதற்கு முன் வேறு எதிலும் கை வைக்க வேண்டாம். மொட்கள் இல்லாமல் அந்த வீட்டைத் திறந்து சேவ் செய்தால் கிணறும் ஊஞ்சலும் வீட்டிலிருந்து நீங்கிவிடும், பிறகு கோப்பைத் திரும்ப வைத்தாலும் அவை தாமாக வந்து நிற்காது. ஆகவே சோதனைக்கென்று ஒரு புதுக் குடும்பத்தைத் தொடங்கி, கேமோடு வந்த கட்டில் ஒன்றும் நீங்கள் டவுன்லோட் செய்த கட்டில் ஒன்றும் வைத்து, இரண்டிலும் படுக்கச் சொல்லிப் பாருங்கள்.

இப்போது மொட்ஸ் ஃபோல்டரை முழுதாக டெஸ்க்டொப்புக்கு நகர்த்துங்கள், அழிக்க வேண்டாம். சிம்ஸ் 4 ஃபோல்டரில் மொட்ஸுக்கு வெளியில் இருக்கும் லோக்கல்தம்கேஷ் என்ற தற்காலிகக் கோப்பை மட்டும் அழிக்கலாம், கேம் அதைத் தானே திரும்ப உருவாக்கும். மொட் இல்லாமல் ஆள் ஒழுங்காகப் படுத்தால் குற்றம் மொட்டில்தான். உடுப்பும் தலைமுடியும் பெரும்பாலும் அப்டேட்டைத் தாங்கும். உடைவது கேமின் செயல்பாட்டை நிரலால் மாற்றும் ஸ்கிரிப்ட் மொட்களும், ஆட்களின் நடத்தையை மாற்றும் மொட்களும், கட்டில் கதவு போல வேலை செய்கிற பொருள்களும்தான். ஆகவே உடுப்பைத் தேடிக்கொண்டிருக்காமல் ஸ்கிரிப்ட் மொட்களை வெளியே வைத்துவிட்டு மற்றவற்றைத் திரும்பப் போட்டுப் பாருங்கள், சரியாகிவிட்டால் அவற்றின் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று தேடினால் போதும்.

அப்படியும் பிடிபடவில்லையா, பாதி பாதியாகப் பிரியுங்கள். ஒரு பாதியைப் போட்டு விளையாடிப் பார்த்து, பிழை எந்தப் பாதியில் வருகிறதோ அதை மறுபடி இரண்டாக்குங்கள். 3,000 கோப்பென்று மலைக்க வேண்டாம், 12 தடவையில் ஒரு கோப்புக்கு வந்துவிடுவீர்கள். ஒன்றுக்கு மேல் பழுதென்றால் இன்னும் கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் அந்த வீடு. அதைக் கேமின் லைப்ரரியில் சேமித்துவிட்டு ட்ரே இம்போர்ட்டர் என்ற இலவச மென்பொருளில் திறந்தால், வீட்டில் உள்ள டவுன்லோட் பொருள்கள் எந்தெந்தக் கோப்பிலிருந்து வருகின்றன என்று பட்டியலே காட்டும். அந்தக் கோப்புகளை ‘அம்மம்மா வீடு’ என்று தனி ஃபோல்டரில் போட்டுப் பென் டிரைவிலும் வையுங்கள். மற்றவை போனால் போகட்டும், இரண்டு வருடம் தேடிச் சேர்த்த கிணறு போகக்கூடாது.

மிச்சத்தை உடுப்பு, முடி, தளபாடம் என்று பிரித்து, செய்தவரின் பெயரையும் கோப்பின் பெயரோடு சேர்த்து வைத்தால் புதிய பதிப்பு தேடும்போது கை கொடுக்கும். பேக்கேஜ் கோப்புகளை (.package என்று முடிபவை) ஐந்து அடுக்கு ஃபோல்டர் வரை கேம் வாசிக்கும், ஸ்கிரிப்ட் கோப்புகளை (.ts4script என்று முடிபவை) ஓரடுக்கு மட்டும்தான். அதைவிட ஆழத்தில் போட்டால் மொட் இருந்தும் இல்லாத மாதிரிதான். பல கோப்புகளை ஒன்றாக இணைப்பதை எல்லாம் சோதித்து முடியும்வரை செய்ய வேண்டாம், இணைத்த பிறகு பழுதைத் தேடுவது பெரும் பாடு. இன்னொன்று, உங்கள் டொகியுமென்ட்ஸ், கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் ஒன்ட்ரைவோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதில் இலவச இடம் 5 ஜிபிதான், உங்கள் 9 ஜிபி அதற்குள் அடங்காது.

கேள்வி: டவுன்லோட் செய்த சாரியைப் போட்டால் உடம்பெல்லாம் சிவப்பும் வெள்ளையும் கறுப்புமாகக் கேள்விக்குறி தெரிகிறது. வைரஸா?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: வைரஸ் இல்லை. நீங்கள் எடுத்தது நிறம் மாற்றிய கோப்பு மட்டும், உருவத்தைத் தரும் மெஷ் கோப்பு வேறாக இருக்கிறது. எடுத்த இடத்துக்குப் போய்க் குறிப்பை வாசித்தால் எந்த மெஷ் வேண்டும் என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். அதையும் மொட்ஸ் ஃபோல்டரில் போட்டால் சாரி ஒழுங்காக வரும். ஸிப் கோப்பாக வந்தால் விரித்துப் போடுங்கள், கேம் ஸிப்பை வாசிக்காது. மொட் என்று சொல்லி எக்ஸி கோப்பு (.exe என்று முடியும், திறந்தால் இயங்கும் மென்பொருள்) தந்தால் மட்டும் திறக்கவே வேண்டாம்.

கேள்வி: பிளேஸ்டேஷனில் இதெல்லாம் போடலாமா அக்கா?
— வாசகி, தெஹிவளை

பதில்: முடியாது தங்கச்சி, சிம்ஸ் 4க்கு மொட் போட கொம்பியூட்டர் வேண்டும். 2022 ஒக்டோபரிலிருந்து அடிப்படை கேம் இலவசம் என்பதால், வீட்டில் லப்டொப் இருந்தால் அதில் போட்டுப் பாருங்கள்.